வராத குப்பைக்கு யார் கணக்கு எழுதுவது?

உள்ளாட்சிகளில் குப்பைக்குப் பணமில்லை என்ற பேச்சு இந்தத் துறையில் இருக்கும் எல்லார் காதிலும் விழுந்திருக்கும். திடக்கழிவுக் கணக்குகளோடு புழங்கியவன் என்ற முறையில் அதில் பாதியைத்தான் நான் ஒப்புக்கொள்வேன். குப்பையை அள்ளுவதற்குப் பணம் எப்படியாவது வந்து சேர்ந்துவிடுகிறது. மூன்று நாள் அள்ளாமல் விட்டால் தெரு நாறும், கவுன்சிலருக்குப் போன் மேல் போன் வரும், மன்றக் கூட்டத்தில் சத்தம் கிளம்பும்; ஆகவே வேறு ஏதாவதொரு தலைப்பிலிருந்து எடுத்தாவது டீசலுக்கும் கூலிக்கும் கொடுத்துவிடுவார்கள். பணம் கிடைக்காமல் தவிப்பது குப்பையைக் குறைக்கிற வேலைதான். வீடுவீடாகப் போய்த் தரம் பிரித்துத் தரப் பழக்குவது, உரக்கூடத்தில் குவியலைப் புரட்டிப்போட ஆள் வைப்பது, உலர் குப்பையை வகை வகையாக ஒதுக்கிக் கட்டுவது, கல்யாண மண்டபங்களைக் கண்காணிப்பது ஆகிய இவையெல்லாம் ஒரு மாதம் நின்றுபோனாலும் யாரும் போன் செய்யப் போவதில்லை. பிரிக்க வேண்டியது பிரிக்கப்படாமல் லாரியேறிக் கிடங்குக்குப் போய்விடும், அவ்வளவுதான். அதிகாரிகளுக்கு ஆர்வம் இல்லை, மக்களுக்குப் பொறுப்பு இல்லை என்று இதற்குக் காரணம் சொல்கிறார்கள். எனக்குத் தெரிந்தவரை கோளாறு கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. ஒரு டன் குப்பையைக் கிடங்குக்கு வராமல் செய்தவருக்கு, அதனால் மிச்சமான பணம் போய்ச் சேருவதற்கு வழியே வைக்கப்படவில்லை.

பணம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் இது விளங்கும். அரசியல் சட்டத்தின் 74-வது திருத்தம் திடக்கழிவு மேலாண்மையைப் பன்னிரண்டாம் அட்டவணையில் சேர்த்து நகர உள்ளாட்சிகளின் தலையில் வைத்தது. வேலை கீழே வந்தது. வரி வசூலிக்கும் வலு அதே அளவுக்குக் கீழே வரவில்லை. 2014-ல் தொடங்கிய தூய்மை இந்தியா இயக்கம், நகர்ப்புறத் திடக்கழிவுத் திட்டங்களுக்குத் திட்டச் செலவில் 35 சதவீதம் வரை மத்திய அரசின் பங்காகக் கொடுத்தது. 2021-ல் வந்த அதன் இரண்டாம் கட்டத்துக்கு மொத்த ஒதுக்கீடு 1,41,600 கோடி ரூபாய். பதினைந்தாவது நிதி ஆணையம் 2021 முதல் 2026 வரை, பத்து லட்சத்துக்குக் குறைவான மக்கள்தொகை கொண்ட நகரங்களுக்கான மானியத்தில் 30 சதவீதத்தைச் சுகாதாரத்துக்கும் திடக்கழிவுக்கும் என்று கட்டிக் கொடுத்தது. தொகைகள் சிறியவை அல்ல. ஆனால் இயக்கத்தின் பணம் பெரும்பாலும் கட்டடமாகவும் இயந்திரமாகவும் மட்டுமே உருமாற முடியும். நிதி ஆணைய மானியத்தில் கட்டுப்பாடு இல்லாத பகுதியைக்கூடச் சம்பளத்துக்குச் செலவிடக் கூடாது என்பது விதியாக இருந்தது. குப்பையைக் குறைக்கும் வேலையோ பத்துக்கு எட்டுப் பங்கு ஆள் வேலை. இதனால்தான் ஊருக்கு ஊர் உரக்கூடத்துக்குக் கொட்டகை இருக்கிறது, அரவை இயந்திரம் இருக்கிறது, பேட்டரி வண்டிகள் வரிசையாக நிற்கின்றன; வண்டிக்குப் புது பேட்டரி வாங்கவும், கொட்டகையில் குவியலைப் புரட்டவும் வேண்டிய தொகைக்குத் தலைப்பு கிடைப்பதில்லை. மானியம் கொடுப்பவர்களுக்குத் திறப்பு விழா வைக்க ஒரு பொருள் வேண்டும். கூலிப் பட்டியலுக்கு நாடா வெட்ட முடியாது.

குப்பையே காசுதானே, அதை விற்று அந்தச் செலவைப் பார்த்துக்கொள்ளக் கூடாதா என்ற கேள்வி உடனே வரும். கருத்தரங்குகளில் இதைக் கேட்காதவர் இல்லை. ஒரு லட்சம் பேர் வசிக்கும் நகராட்சியை எடுத்துக்கொள்வோம். ஆளுக்கு நாளொன்றுக்கு 300 முதல் 350 கிராம் என்று வைத்தால் தினம் 30 முதல் 35 டன் சேரும். அதில் ஏறக்குறைய பாதி ஈரக் குப்பை. பத்து டன் ஈரக் குப்பையைப் பக்குவமாக மட்க வைத்தால் கிடைப்பது ஒன்றரை முதல் இரண்டு டன் உரம். மீதி நீராவியாகவும் காற்றாகவும் போய்விடும். அந்த உரத்தை விவசாயி வாங்க வேண்டும், அவர் வயலுக்கு அது போய்ச் சேர வேண்டும். நகர உரத்துக்கு டன்னுக்கு 1,500 ரூபாய் சந்தை உதவி தருவதாக 2016-ல் மத்திய அரசு கொள்கை அறிவித்தது. அதுவும் விற்றுமுடித்த உரத்துக்குத்தான், மட்க வைத்த உழைப்புக்கு அல்ல. உலர் குப்பையின் கதை இன்னும் மெலிந்தது. நாளிதழ், அட்டைப்பெட்டி, பித்தளை, இரும்பு, பீர் பாட்டில் என விலை போகிற எல்லாமே பழைய பேப்பர் கடைக்கும் காயலான் கடைக்கும் முன்னதாகவே போய்விடும். அதுதான் நியாயமும்கூட, நகராட்சி ஒரு காசு செலவழிக்காமல் நடக்கும் மறுசுழற்சி அது. தூய்மைப் பணியாளரின் வண்டிக்கு வந்து சேருவது பிஸ்கட் உறை, சாஷே, ஈரம் தோய்ந்த கேரி பேக், தெர்மாகோல், டயாபர். இவற்றில் பலவற்றை அரியலூர்ப் பக்கத்து சிமெண்ட் ஆலைகளுக்கு எரிபொருளாக அனுப்பலாம், லாரி வாடகையை யாராவது ஏற்றுக்கொண்டால். விற்பனை வருமானம் உதிரிச் செலவுக்கு ஆகும். பணியாளர்களுக்கு அது ஒரு ஊக்கத்தொகையாக இருக்கட்டும். திட்டத்தின் அச்சாணியாக அதை நம்பிய ஊர்களில் கொட்டகை பூட்டிக் கிடக்கிறது.

இனி அள்ளுவதற்குக் கொடுக்கும் பணத்தின் பக்கம் வருவோம். 2000-ம் ஆண்டு சென்னையின் சில மண்டலங்களில் குப்பை அள்ளும் வேலை தனியாரிடம் கொடுக்கப்பட்டபோது எடைக்குக் கூலி என்பதே ஏற்பாடு. பல ஊர்களின் ஒப்பந்தங்கள் இன்றும் அந்த அச்சில் வார்த்தவைதான். எடைமேடையில் எத்தனை டன் ஏறியதோ அத்தனை டன்னுக்குப் பட்டியல். எடுத்துப் பார்க்க எளிது, தணிக்கைக்குச் சுலபம், யாரையும் எளிதில் குறைசொல்ல முடியாது. ஆனால் இந்த ஏற்பாட்டில் ஒப்பந்ததாரர் எப்படி நினைப்பார் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு வார்டு பெண்கள் குழுவாகச் சேர்ந்து மாடித்தோட்டத்துக்கு உரம் தயாரித்தால் அவருக்கு வருமானம் குறைகிறது. மழை பெய்து குப்பை நனைந்தால் கூடுகிறது. இடித்த வீட்டுக் கல்லும் மண்ணும் சேர்ந்தால் அதைவிடக் கூடுகிறது. அவர் கெட்டவராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஒப்பந்தம் அவரை அப்படி நடக்கச் சொல்கிறது. சென்னை மாநகராட்சி 2020-ல் சில மண்டலங்களைப் புதிய ஒப்பந்தத்தில் விட்டபோது எடையைக் கைவிட்டு, செயல்திறன் குறியீடுகளின்படி பணம் என்ற முறைக்கு மாறியது. நல்ல திருத்தம். ஆனாலும் குறியீடுகள் பெரும்பாலும் தெரு சுத்தமாக இருக்கிறதா என்பதையே கேட்கின்றன. கிடங்குக்குப் போகும் குப்பை குறைந்ததா என்பது பட்டியலில் பல கேள்விகளில் ஒன்றாக நின்றுவிடுகிறது.

கிடங்குக்கு ஒரு டன் போவதால் ஆகும் செலவு என்ன? லாரி வாடகையோடு நிறுத்திக்கொள்வதுதான் வழக்கம். அந்த வழக்கம் எவ்வளவு பெரிய பிழை என்பதைச் சென்னையின் கொடுங்கையூர்க் கிடங்கு காட்டுகிறது. அங்கே 252 ஏக்கரில் குவிந்து கிடக்கும் சுமார் 66 லட்சம் டன் பழங்குப்பையை பயோமைனிங் முறையில் அகற்ற சுமார் 640 கோடி ரூபாய்த் திட்டம் போடப்பட்டது. வகுத்துப் பார்த்தால் டன்னுக்கு 960 ரூபாய் சொச்சம். எப்போதோ கூலி கொடுத்து ஏற்றி, டீசல் போட்டுக் கொண்டுபோய்க் கொட்டிய அதே டன்னை இப்போது தோண்டி, சலித்து, மறுபடி ஏற்றி அனுப்புவதற்கான விலை அது. இடைப்பட்ட ஆண்டுகளில் அந்தப் பகுதி மக்கள் சுவாசித்த புகைக்கும் கெட்டுப்போன நிலத்தடி நீருக்கும் யாரும் விலை போடவில்லை. அதை விட்டே பேசுகிறேன். கொட்டிய ஆண்டின் கணக்கில் இந்த 960 ரூபாய் ஒரு பைசாகூட ஏறியிருக்காது. தமிழக நகராட்சிகள் இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இரட்டைப் பதிவுக் கணக்கு முறைக்கு மாறியவை. வருங்காலப் பொறுப்பை இந்த ஆண்டே ஒதுக்கிவைக்கும் ஏட்டு வழிமுறை அவர்களிடம் இருக்கிறது. ஓய்வூதியத்துக்கு ஒதுக்கத் தெரிந்தவர்களுக்குக் குப்பை மேட்டுக்கு ஒதுக்கத் தெரியாதா?

என் யோசனை எளிமையானது. ஒவ்வொரு நகராட்சியும் ஆள் ஒருவருக்குத் தினசரி எத்தனை கிராம் குப்பை கிடங்கு வாசலைத் தாண்டுகிறது என்று ஓர் அடிப்படை ஆண்டுக்கு எழுதி வைக்கட்டும். அடுத்த ஆண்டு அது குறைந்தால், குறைந்த ஒவ்வொரு டன்னுக்கும் மூன்று தொகைகளைக் கூட்டட்டும்: போக்குவரத்துச் செலவில் மிச்சமானது, கையாளுவதற்கான கட்டணத்தில் மிச்சமானது, பிற்காலத்தில் தோண்டியெடுக்க ஆகியிருக்கும் தொகை. இந்தக் கூட்டுத்தொகையைப் பொது நிதியிலிருந்து குறைப்பு நிதி என்ற தனிக் கணக்குக்கு மாற்றி, குறைத்துக் காட்டிய வார்டுகளின் பணியாளர்களுக்கும் உரக்கூடத்துக்கும் மட்டுமே செலவிடலாம் என்று மன்றம் தீர்மானம் போடட்டும். மாநில அரசின் அனுமதி பெரிதாக வேண்டியிராது. எந்த மானியத்துக்கும் இல்லாத ஒரு குணம் இந்தப் பணத்துக்கு உண்டு: வேலை நன்றாக நடந்தால்தான் வரும், நடந்த மறு ஆண்டும் வரும். வெளிநாட்டில் இதன் முரட்டு வடிவத்தைப் பார்க்க வேண்டுமானால் பிரிட்டன் இருக்கிறது. 1996-ல் கிடங்கில் கொட்டும் ஒவ்வொரு டன்னுக்கும் 7 பவுண்டு வரி என்று தொடங்கினார்கள். இப்போது அது நூறு பவுண்டைத் தாண்டிவிட்டது. கொட்டுவது விலை ஏறிய பொருளானதும், கொட்டாமல் இருக்க வழி தேடுவது அங்குள்ள கவுன்சில்களுக்கு லாபமாகிவிட்டது. நம் ஊரில் வரி போடச் சொல்லவில்லை. உள்ள செலவை மறைக்காமல் எழுதச் சொல்கிறேன்.

இதற்கு வலுவான மறுப்பு கணக்காளர்களிடமிருந்தே வரும். ஒரு டன் குறைந்தால் லாரி விற்கப்படுமா, ஓட்டுநர் வேலையை விட்டு அனுப்பப்படுவாரா? இல்லை. செலவின் பெரும்பகுதி குப்பை கூடினாலும் குறைந்தாலும் மாறாதது. ஆகவே மிச்சம் என்பது காகிதத்தில்தான், கையில் இல்லை. இந்த வாதத்தை நான் லேசாகத் தள்ளமாட்டேன். ஓராண்டுக்குள் பார்த்தால் இது உண்மை. ஆனால் எடைக்குக் கூலி கொடுக்கும் ஊர்களில் மிச்சம் அந்த மாதமே கையில் நிற்கிறது. அங்கே இந்த வாதம் பொருந்தாது. சொந்த லாரி ஓட்டும் ஊர்களிலோ, ஐந்தாண்டில் மூன்றாவது லாரி வாங்கும் தேவை தள்ளிப்போகிறது, நடைகள் குறைகின்றன, கிடங்குக்குப் புது நிலம் தேடும் நாள் தள்ளிப்போகிறது. நிலம் தேடுவதுதான் இவற்றில் பெரியது. எந்த ஊர்ப் பஞ்சாயத்தும் பக்கத்து நகரத்தின் குப்பையை இனி ஏற்காது என்பது இந்தத் துறையில் எல்லாருக்கும் தெரியும். ஆகவே முதல் இரண்டு ஆண்டுகளுக்குக் குறைப்புத் தொகையில் பாதியை மட்டும் மாற்றி, லாரி வாங்கும் திட்டம் உண்மையிலேயே ரத்தான பிறகு முழுத் தொகைக்குப் போகலாம்.

இரண்டாவது மறுப்பு, ஏமாற்று வேலை நடக்கும் என்பது. நடக்கும்தான். பிளாஸ்டிக் உற்பத்தியாளர் பொறுப்புக்காக 2022-ல் வகுத்த விதிகளின்படி, மறுசுழற்சி செய்ததற்கான சான்றிதழ்கள் இணையதளத்தில் விற்று வாங்கப்படுகின்றன. அடுத்த ஆண்டே மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சில மறுசுழற்சி ஆலைகளைச் சோதித்தபோது, லட்சக்கணக்கில் போலிச் சான்றிதழ்கள் சிக்கின. அந்த ஏற்பாட்டில் எனக்கு வேறொரு மனக்குறையும் உண்டு: தெருவில் பிளாஸ்டிக்கைப் பொறுக்கிப் பிரிக்கும் செலவு உள்ளாட்சிக்கு, சான்றிதழ் வருமானம் ஆலைக்கு. அது இருக்கட்டும். போலிக்கு இடம் கொடுத்தது எது? மறுசுழற்சி செய்தேன் என்று சொல்பவரின் சொல்லுக்குப் பணம் கொடுத்ததுதான். நான் சொல்லும் முறையில் எவ்வளவு மட்கியது, எவ்வளவு விற்றது என்று யாரையும் கேட்கவே வேண்டாம். கிடங்கு வாசலில் ஏறிய எடை ஒன்றே போதும். அந்த எடையைக் கூட்டிக் காட்ட ஒப்பந்ததாரருக்கு ஆசை, குறைத்துக் காட்ட வார்டுக்கு ஆசை. எதிரெதிர் ஆசைகள் ஒரே எடைமேடையைப் பார்த்துக்கொண்டிருப்பது தணிக்கையாளருக்குச் சௌகரியம். இதிலும் ஓட்டை உண்டு. கிடங்குக்கு வராததெல்லாம் குறைந்த குப்பை ஆகிவிடாது. ஏரிக்கரையில் கொட்டலாம், இரவில் கொளுத்தலாம். அதனால் வார்டின் எல்லைக்குள் எரிந்ததற்கும் கொட்டியதற்குமான புகார்கள் உறுதியானால் அந்தக் காலாண்டின் தொகை கிடையாது என்ற நிபந்தனை வேண்டும். முழுப் பாதுகாப்பு அதிலும் இல்லை. எடைக்குக் கூலி கொடுக்கிற இன்றைய முறையில் இருப்பதைவிட அதிகம், அவ்வளவே.

சரி, தொடக்கச் செலவுக்குப் பணம் எங்கே? இங்கேதான் குப்பைக் கட்டணம் என்ற அரசியல் முள். 2016-ம் ஆண்டின் திடக்கழிவு விதிகளே கட்டணம் வசூலிக்கச் சொன்னவை. சென்னையில் 2021 ஜனவரி முதல் வீடுகளுக்கு மாதம் 10 முதல் 100 ரூபாய் வரை என்று அறிவித்தார்கள். எதிர்ப்பு எழுந்ததும் நிறுத்திவைத்தார்கள். சொத்து வரி கட்டுகிறோமே, அதற்கு மேல் இது எதற்கு என்று மக்கள் கேட்டது நியாயமான கேள்வி. அதற்குப் பதிலாக யாரும் ஒரு கணக்கைக் காட்டவில்லை. வீதி பெருக்குவதற்கு இவ்வளவு, அள்ளுவதற்கு இவ்வளவு, சொத்து வரியில் இதற்குக் கிடைப்பது இவ்வளவு, குறை இவ்வளவு என்று ஒரே பக்கத்தில் அச்சடித்துக் கொடுத்திருந்தால் எதிர்ப்பு முற்றிலும் ஓய்ந்திருக்காது, ஆனாலும் பேச்சு வேறு திசையில் போயிருக்கும். பக்கத்துக் கேரளத்தில் ஹரித கர்ம சேனா பெண்கள் வீட்டு வாசலில் உலர் குப்பையை வாங்கிக்கொண்டு, கிராமங்களில் மாதம் 50 ரூபாய் போலக் கட்டணம் பெறுகிறார்கள். அங்கும் ஆரம்பத்தில் சண்டைதான். 2023 மார்ச்சில் கொச்சியின் பிரம்மபுரம் கிடங்கு பற்றியெரிந்து நகரமே நாள்கணக்கில் புகையில் மூழ்கிய பிறகு, கட்டண பாக்கியை வரி பாக்கி போல வசூலிக்கலாம் என்று சட்டத்தைத் திருத்தினார்கள். புனேயில் ஸ்வச் கூட்டுறவின் குப்பை பொறுக்கும் தொழிலாளர்கள் வீடுகளிடமிருந்தே நேரடியாகக் கட்டணம் பெறுகிறார்கள். இரண்டு இடத்திலும் பணம் கொடுப்பவருக்கு அதை வாங்குபவரின் முகம் தெரியும். நகராட்சியின் பொதுக் கஜானாவுக்குப் போகும் கட்டணத்துக்கு இந்த நம்பிக்கை கிடைக்காது.

ஏழை வீட்டிலும் ஐம்பது ரூபாயா என்பதற்கு என் பதில், கட்டணத்தை வீடுகளிலிருந்து தொடங்கவே வேண்டாம் என்பது. 2016-ம் ஆண்டின் விதிகள் தினம் 100 கிலோவுக்கு மேல் குப்பை உண்டாக்குபவர்களைத் தனியாகப் பிரித்து, அவர்கள் பொறுப்பைத் தனியாக வரையறுத்தன. ஓட்டல், மண்டபம், மருத்துவமனை, கல்லூரி விடுதி, அடுக்குமாடி வளாகம் ஆகியவற்றின் குப்பையை நகராட்சி செலவில் இலவசமாக அள்ளுவது, சின்ன வீடுகளின் வரியைப் பெரிய கட்டடங்களுக்கு மானியமாகக் கொடுப்பதே. முதலில் அங்கே முழு விலை வசூலிக்கட்டும். வீடுகளுக்கு வரும்போதும் எல்லாருக்கும் ஒரே கட்டணம் என்றால் குப்பை குறையாது. தென்கொரியா 1995 ஜனவரி முதல் நாடு முழுவதும் குப்பையை விலைகொடுத்து வாங்கும் அரசுப் பையில்தான் போட வேண்டும் என்று ஆக்கியது. மறுசுழற்சிக்கான பொருள்களுக்குக் கட்டணம் இல்லை. நம் ஊரில் பை முறை எடுபடும் என்று நான் நினைக்கவில்லை. பை வாங்கச் சொன்னால் கால்வாய் நிறையும். பிரித்துக் கொடுக்கும் வீட்டுக்குக் கட்டணம் இல்லை, கலந்து கொடுக்கும் வீட்டுக்கு உண்டு என்ற சிறிய வேறுபாடு போதும். தினமும் வாசலுக்கு வரும் பணியாளருக்கு யார் எப்படிக் கொடுக்கிறார்கள் என்பது தெரியும். அதை எழுதிவைக்க அவருக்கு அதிகாரமும் ஒரு நோட்டும் கொடுத்தால் ஆயிற்று.

இவ்வளவு தலைவலி எதற்கு, எரித்து மின்சாரம் எடுத்துவிடலாமே என்பார்கள். கொடுங்கையூரில் எரிஉலை வேண்டாம் என்று வடசென்னை மக்கள் போராடியது உடல்நலக் கவலையால். எனக்கு நிதிக் கவலையும் சேர்ந்து இருக்கிறது. உலைக்குப் போட்ட முதல் திரும்ப வர இருபது ஆண்டு போல ஆகும். அத்தனை ஆண்டும் தினம் இத்தனை டன் தருகிறேன் என்று மாநகராட்சி எழுதிக் கொடுத்தால்தான் முதலீட்டாளர் வருவார். எடைக்குக் கூலி என்ற பழைய பொறி, இந்த முறை இருபதாண்டுப் பூட்டோடு வருகிறது. மக்கள் உரம் தயாரித்தால் அபராதம் கட்ட வேண்டிய நிலைக்கு ஒரு மாநகராட்சி வரலாம். அதோடு நம் குப்பையில் ஈரம் அதிகம். எரியும் தகுதி உள்ள காகிதமும் பிளாஸ்டிக்கும் போனால்தான் உலை கொதிக்கும். மறுசுழற்சிக்குப் போக வேண்டியதை உலை கேட்கும் என்று பொருள். இந்தூரில் நாளொன்றுக்கு 550 டன் ஈரக் குப்பையிலிருந்து எரிவாயு எடுக்கும் ஆலை 2022-ல் வந்தது. அது சாத்தியமானது குப்பை வீட்டிலேயே பிரிந்து வந்ததால். தொழில்நுட்பம் எதுவானாலும் பிரித்தெடுக்கும் கூலியைத் தவிர்க்க முடிவதில்லை.

உள்ளாட்சியின் கணக்கில் ஏறவே வேண்டாத செலவுகளும் உண்டு. அவற்றை ஏற்றாமல் இருப்பதே சிக்கனம். நீலகிரியில் உடைந்த மது பாட்டில்கள் யானைகளின் காலைக் கிழித்த விவகாரம் சென்னை உயர் நீதிமன்றம் போன பிறகு, 2022 மே மாதம் முதல் அங்குள்ள டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டில் திரும்பி வந்தால் பத்து ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார்கள். பெரும்பாலான பாட்டில்கள் திரும்பி வந்தன. பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் திட்டம் விரிந்தது. ஊட்டி நகராட்சி இதற்காக ஒரு வண்டியும் வாங்க வேண்டியிருக்கவில்லை, ஒரு விழிப்புணர்வுப் பேரணியும் நடத்த வேண்டியிருக்கவில்லை. பத்து ரூபாய் அந்த வேலையைச் செய்தது. கடை ஊழியர்களுக்கு இடநெருக்கடியும் கூடுதல் வேலையும் வந்தது உண்மை; அதற்கு விற்பனையாளர் ஆள் போட்டுத் தர வேண்டும், விற்பது அவர்தானே. தண்ணீர் பாட்டிலுக்கும் குளிர்பான பாட்டிலுக்கும் இதையே நீட்டலாம். நீட்டும்போது ஒரு வரியை மட்டும் ஆணையில் மறக்காமல் சேர்க்க வேண்டும்: யாரும் வந்து திரும்பப் பெறாத பத்து ரூபாய்கள் விற்பனை நிறுவனத்தின் லாபக் கணக்கில் சேரக் கூடாது, திரும்பாத பாட்டிலைத் தெருவிலிருந்து பொறுக்கப்போகும் உள்ளாட்சியின் குறைப்பு நிதியில் வரவு வைக்கப்பட வேண்டும்.